பத்தாண்டு கழித்து அதே வகுப்பு: பள்ளி மறுசந்திப்புகளைத் திரைப்படங்கள் காட்டும் விதம்

ஒரே ஆண்டில் ஒரே பள்ளியில் படித்து முடித்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு நாள் குறித்து மீண்டும் ஓரிடத்தில் கூடுவதே பள்ளி மறுசந்திப்பு. விளக்கம் எளிதாக இருந்தாலும், அந்தக் கூட்டத்துக்குள் நடப்பது அவ்வளவு எளிதன்று. உறவினர் வீட்டு விசேஷத்தில் நாம் சந்திப்பவர்கள் நம் வாழ்க்கையை இடைவெளியின்றிப் பார்த்து வந்தவர்கள்; நமக்கு வேலை கிடைத்ததும் அவர்களுக்குத் தெரியும், போனதும் தெரியும். உடன் பணிபுரிகிறவர்களுக்கு நம் இன்றைய நிலை மட்டுமே தெரியும். பதினாறு வயதில் நாம் எப்படி இருந்தோம் என்று அவர்கள் கேட்பதே இல்லை. பழைய வகுப்புத் தோழர்கள் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள். அவர்களுக்கு நம் தொடக்கம் தெரியும், நடுப்பகுதி தெரியாது. அந்த நடுப்பகுதியை ஒரே மாலைப் பொழுதில், இரண்டு மூன்று வாக்கியங்களில், நாமே அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். திரைப்படங்கள் இந்தச் சந்திப்பைத் திரும்பத் திரும்பக் கையில் எடுப்பதற்குக் காரணம் இந்த நெருக்கடிதான் என்று நான் நினைக்கிறேன். எனவே முதலில் சந்திப்பு எப்படிப்பட்டது என்பதையும், பிறகு திரை அதை எப்படிக் கையாள்கிறது என்பதையும் பார்ப்போம்.

இந்த வழக்கம் மிக உறுதியாக வேரூன்றியது அமெரிக்காவில். அங்கே உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்கள், தாங்கள் முடித்த ஆண்டின் பெயராலேயே கடைசிவரை அறியப்படுகிறார்கள். 1987ஆம் ஆண்டு வகுப்பு என்றால், 50 ஆண்டுகள் கழித்தும் அது 1987ஆம் ஆண்டு வகுப்புதான். 10, 20, 25, 50 ஆகிய ஆண்டு நிறைவுகளில் கூடுவது பொதுவான முறை. பல்கலைக்கழகங்களில் இத்தகைய சந்திப்புகளை நடத்துவதற்கு முன்னாள் மாணவர்களுக்கென்று தனி அலுவலகமே இருக்கும். நன்கொடை திரட்டும் நோக்கமும் அதற்கு உண்டு. உயர்நிலைப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே பள்ளி நிர்வாகம் பெரும்பாலும் இதில் தலையிடுவதில்லை. இறுதியாண்டில் வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ, அவர் தட்டிக்கழித்தால் ஊரிலேயே தங்கிவிட்ட வேறு நான்கைந்து பேரோ ஒரு குழுவாகச் சேர்ந்து, முகவரிகளைத் தேடி, மண்டபம் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி, எல்லா வேலைகளையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறார்கள். கோடை விடுமுறையிலோ, இலையுதிர் காலத்தில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை ஒட்டி, பழைய மாணவர்களை வரவேற்க நடத்தப்படும் ஹோம்கமிங் கொண்டாட்டத்தின்போதோ நாள் குறிக்கப்படுகிறது.

மண்டபத்தின் நுழைவாயிலில் போடப்பட்டிருக்கும் மேசையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் சந்திப்பின் மொத்த இயல்பும் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெயர் அட்டை தரப்படும். அதில் பெயருக்கு மேலே, பள்ளியின் ஆண்டு மலரில் வெளியான அவருடைய பழைய படம் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறிய பெண்களுக்குப் பள்ளிக்காலப் பெயரும் சேர்ந்தே இருக்கும். எதிரே வருகிறவரின் பார்வை முதலில் அட்டைக்குப் போகிறது, பிறகு முகத்துக்கு வருகிறது, மறுபடியும் அட்டைக்குப் போகிறது. பதினேழு வயது முகமும் இன்றைய முகமும் ஒரு சாண் இடைவெளியில் ஒப்பிடப்படுவதை, அட்டையை அணிந்திருப்பவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு மலரில் ‘வாழ்க்கையில் வெற்றிபெறப் போகிறவர்’ என்றெல்லாம் வகுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பட்டங்களும் இருக்கும். பட்டம் பெற்றவர் அந்த முன்கணிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும், பெறாதவர் அதைப் பொய்யாக்க விரும்புகிறவராகவும் உள்ளே நுழைகிறார்.

வெரெட் வினிட்ஸ்கி-செரூசி என்ற இஸ்ரேலியச் சமூகவியலாளர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சந்திப்புகளை ஆராய்ந்து 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருவர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லியே தீர வேண்டிய தருணம் என்று இந்தச் சந்திப்பை அவர் வகைப்படுத்துகிறார். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற அனைத்தும் விளங்கிவிடும். வேலைக்கான நேர்காணலிலும் நாம் நம் கதையைச் சொல்கிறோம். புதிய மருத்துவரிடமும் சொல்கிறோம். ஆனால் அங்கே கேட்பவரிடம் நம் பழைய கதை கிடையாது. பள்ளிச் சந்திப்பில் கேட்பவரே ஒரு சாட்சி. ‘நான் எப்போதுமே துணிச்சலானவன்’ என்று அங்கே ஒருவர் சொன்னால், கரும்பலகை முன் அவர் நடுங்கி நின்றதைப் பார்த்த முப்பது பேர் சுற்றி இருக்கிறார்கள். நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒரே ஆள்தான் என்று காட்டவும் வேண்டும், நடுவில் வளர்ந்திருக்கிறோம் என்று காட்டவும் வேண்டும். ஒன்றுக்கொன்று இழுபறியான இந்த இரண்டு வேலைகளைத்தான் அந்த மாலை ஒவ்வொருவரிடமும் கேட்கிறது.

இந்தச் சாட்சிகள் எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தவர்கள் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளியை முடித்த 392 பேரிடம் அவர்களுடைய வகுப்புத் தோழர்களின் பெயர்களையும் ஆண்டு மலர்ப் படங்களையும் காட்டிச் சோதித்தார்கள். பள்ளியை விட்டு ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆனவர்களும்கூடப் பழைய முகங்களைச் சுமார் 90 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டார்கள். எதையும் காட்டாமல் பெயர்களைத் தாமாகச் சொல்லச் சொன்னபோதோ நினைவு வெகுவாகத் தடுமாறியது. அதாவது, தனியே உட்கார்ந்து யோசித்தால் வராத பெயர், முகத்தைப் பார்த்த கணத்தில் வந்துவிடுகிறது. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் நடந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பதும் உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆக, ‘என்னை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்’ என்ற சமாதானம் செல்லாது, அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நாம் அஞ்சும் அளவுக்கு அவர்கள் நம்மை உற்றுப் பார்ப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைக் கூச்சம் தரக்கூடிய படம் போட்ட பனியன் அணிந்து சக மாணவர்கள் நிறைந்த அறைக்குள் போகச் சொன்னார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் பனியனைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் அதில் பாதியளவே. மண்டபத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அனைவரது கண்ணும் தன்மேல் இருப்பதாக எண்ணிக் கூசுகிறார். அந்த அனைவருமோ அதே கூச்சத்தில் தங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மறுசந்திப்புப் படங்கள் இதை அறிந்து எடுக்கப்பட்டவை. சாதாரணப் படங்கள் கதாநாயகனின் கூச்சத்தையே உண்மை என்று எடுத்துக்கொண்டு, மண்டபம் முழுவதையும் அவன் பக்கம் திருப்பிவிடுகின்றன.

திரைக்கதை எழுதுகிறவருக்கு இந்தச் சந்திப்பு பல வசதிகளை ஒருசேரக் கொடுக்கிறது. ஒரே இடம், ஒரே இரவு. காலையில் எல்லோரும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதால் சொல்ல வேண்டியதை இன்றே சொல்லியாக வேண்டும். வெவ்வேறு தொழிலும் வசதியும் கொண்டவர்களை ஒரே அறைக்குள் கொண்டுவரத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. முன்கதைக்குப் போவதற்கும் தயக்கம் தேவையில்லை, ஏனெனில் அங்கிருக்கும் எல்லோரும் முன்கதையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றைவிட முக்கியமான வசதி, கதாபாத்திரங்கள் தங்களைத் தாங்களே அறிமுகப்படுத்திக்கொள்வதைப் பார்வையாளர் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார் என்பது.

அமெரிக்கப் படங்களில் இந்த அறிமுகப்படுத்திக்கொள்ளுதலை மிக நேர்மையாக ஆராய்வது, வெறும் நகைச்சுவை என்று பலரால் ஒதுக்கப்பட்ட ‘ரோமி அண்ட் மிஷெல்ஸ் ஹை ஸ்கூல் ரீயூனியன்’ என்பது என் கருத்து. டேவிட் மிர்கின் இயக்கி 1997இல் வெளிவந்த இப்படத்தில் மிரா சொர்வினோவும் லிசா குட்ரோவும் இணைபிரியாத் தோழிகளாக நடித்தார்கள். அரிசோனா மாநிலத்தின் டூசானில் படித்து, லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்றாக வசிக்கும் இருவரில் ஒருத்தி கார் விற்பனையகத்தில் காசாளர், மற்றவளுக்கு வேலையில்லை. தங்கள் வாழ்க்கை அதுவரை அவர்களுக்கு இனிமையாகவே இருந்திருக்கிறது. பத்தாண்டுச் சந்திப்புக்கான படிவத்தை நிரப்பத் தொடங்கும்போதுதான், ‘சாதனை’ என்று எழுத எதுவும் இல்லையே என்ற எண்ணம் முதன்முதலாக வருகிறது. மகிழ்ச்சியாக இருந்த இருவரை ஒரு படிவம் தோற்றவர்களாக மாற்றிவிடுகிறது. உடனே இரண்டு தொழில்முனைவோர் உடைகளும் இரவல் காரும் ஏற்பாடாகின்றன. ஒட்டிக் கிழிக்கும் போஸ்ட்-இட் தாளைக் கண்டுபிடித்தவர்கள் தாங்களே என்ற பொய்யும் தயாராகிறது.

அந்தப் பொய் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. அந்தத் தாள் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர், ஆர்ட் ஃபிரை ஆகியோரின் உழைப்பில் உருவானது. எல்லோர் மேசையிலும் இருக்கும் பொருள், ஆனால் அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது என்பதை நம்பியே அவர்கள் பொய் சொல்கிறார்கள். பெயர் தெரிந்த ஒரு வகுப்புத் தோழி வந்ததும் எல்லாம் உடைகிறது. அந்தத் தோழியான ஹெதர், பள்ளிக்காலம் முழுவதும் தன்னை மற்றவர்கள் நரகத்தில் வைத்திருந்ததாகக் கசந்துபோனவள். அவளிடம் இன்னொருத்தி வந்து, ‘நீதான் என்னைப் படாத பாடு படுத்தினாய்’ என்கிறாள். ஹெதருக்கு இது முற்றிலும் புதிய செய்தி. வகுப்பறையில் வதைபட்டவருக்கும் தான் வதைத்த ஒருவர் உண்டு என்பதையும், அந்த இரண்டாமவரை அவர் அநேகமாக மறந்திருப்பார் என்பதையும் சில நிமிடங்களில் சொல்லிவிடும் அந்தக் காட்சியை, பள்ளிச் சந்திப்பைப் பற்றி அமெரிக்கப் படங்கள் சொன்னவற்றில் மிக உண்மையானதாக நான் கருதுகிறேன். கடைசியில் கோடீஸ்வரனாகிவிட்ட பழைய மாணவன் ஹெலிகாப்டரில் வந்திறங்குவது போன்றவை வழக்கமான ஆறுதல்கள். அவற்றைப் படம் தவிர்த்திருந்தாலும் குறைவு இருந்திருக்காது.

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கிய ‘பெக்கி சூ காட் மேரீட்’ 1986இல் வந்தது. கணவனைப் பிரிந்து வாழும் பெக்கி சூ, 25ஆம் ஆண்டுச் சந்திப்பில் அரசியாக முடிசூட்டப்படும்போது மயங்கி விழுந்து, 1960இல் பள்ளி மாணவியாகக் கண்விழிக்கிறாள். பெக்கியாக நடித்த கேத்லீன் டர்னர் அதற்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். சந்திப்புக்கு வரும் எவருக்கும் எழும் ‘அப்போதே வேறு முடிவை எடுத்திருந்தால்’ என்ற கேள்வியைப் படம் நேரடியாகவே நடத்திக் காட்டுகிறது. ஆனால் மனத்தில் நிற்பது காதலைப் பற்றிய பகுதி அல்ல. வீட்டுத் தொலைபேசி ஒலிக்கிறது, எடுக்கிறாள், எப்போதோ இறந்துபோன பாட்டியின் குரல் சாதாரணமாகப் பேசுகிறது, பெக்கியால் பதில் பேச முடியவில்லை. பள்ளிக்காலத்துக்கான ஏக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பள்ளியைவிட அந்த வயதில் வீட்டில் உயிரோடு இருந்தவர்களைப் பற்றியது என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஜார்ஜ் ஆர்மிட்டேஜ் இயக்கிய ‘குரோஸ் பாயின்ட் பிளாங்க்’ (1997) எதிர்த்திசையில் போகிறது. ஜான் குசாக் நடித்த நாயகன் கூலிக்குக் கொலை செய்கிறவன். பத்தாண்டுச் சந்திப்புக்காக மிச்சிகன் மாநிலத்து ஊருக்குத் திரும்பியவனிடம் எல்லோரும் ‘என்ன செய்கிறாய்’ என்று கேட்கிறார்கள். அவன் உண்மையையே சொல்கிறான். எல்லோரும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சந்திப்பில் கேட்கப்படும் அந்தக் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது. அவன் வளர்ந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கடை நிற்கிறது. ஊரும் நம்மைப் போலவே நடுப்பகுதி ஒன்றை வாழ்ந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல். ஜோனத்தன் டெமி இயக்கிய ‘சம்திங் வைல்ட்’ (1986) படத்தில் ஒருத்தி, அப்போதுதான் அறிமுகமான ஒருவனைக் கணவன் என்று சொல்லிப் பள்ளிச் சந்திப்புக்கு அழைத்துப் போகிறாள். அங்கே அவளுடைய உண்மையான கணவன் வந்து நிற்கிறான். அதுவரை கலகலப்பாக ஓடிய படம் அந்த மண்டபத்திலிருந்து அச்சமூட்டும் படமாகிறது. 2012இல் வந்த ‘அமெரிக்கன் ரீயூனியன்’, 1999ஆம் ஆண்டு வகுப்பைப் பதின்மூன்றாம் ஆண்டில் கூட்டுகிறது; சந்திப்பு அதில் பழைய பாத்திரங்களை ஒன்றுசேர்க்கும் சாக்கு மட்டுமே.

தமிழில் இந்த வகைக்கு முகவரியாகிவிட்ட படம் சி. பிரேம்குமார் எழுதி இயக்கிய ‘96’ (2018). பயணப் புகைப்படக் கலைஞரான ராம் தஞ்சாவூரில் தான் படித்த பள்ளிக்குள் நுழைந்து பார்த்ததிலிருந்து ஒரு வாட்ஸ்அப் குழு பிறக்கிறது. அதிலிருந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகான சந்திப்பு சென்னையில் நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஜானு வருகிறாள். விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடித்த இப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சந்திப்புப் படம் என்று சொன்னாலும், சந்திப்பு அதில் சிறு பகுதிதான். கூட்டம் கலைந்த பிறகு, விமானத்துக்கு மிச்சமிருக்கும் சில மணி நேரத்தில் இருவர் மட்டும் ஊர் சுற்றுவதே படத்தின் உடல். பொதுக் கூட்டத்தில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கான வாசலாக மட்டுமே சந்திப்பு அங்கே பயன்படுகிறது. உண்மையான சந்திப்புகளிலும் முக்கியமான பேச்சு பெரும்பாலும் மேடை நிகழ்ச்சிகள் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடியே நடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு பொருத்தமாகவே தோன்றும்.

அந்த இரவில் ஒரு காட்சி. ராமின் மாணவர்கள் எதிர்ப்படுகிறார்கள். ஜானுவை அவனுடைய மனைவி என்று எண்ணிக்கொள்கிறார்கள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்கிறார்கள். கல்லூரி நாளில் ராம் தன்னைத் தேடி வந்ததும், வந்திருப்பவன் யாரென்று அறியாமல் அவள் பார்க்க மறுத்துவிட்டதும்தான் நடந்த கதை. ஜானு அந்த இடத்தை மட்டும் மாற்றி, தான் வெளியே வந்து அவனைச் சந்தித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். ராம் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். முன்னே சொன்ன அமெரிக்கத் தோழிகள் நிகழ்காலத்தைப் பொய்யாகப் புனைந்தார்கள். இவள் கடந்த காலத்தைப் புனைகிறாள். அவர்களுடைய பொய் மற்றவர்களின் மதிப்பைப் பெறுவதற்கு. இவளுடைய பொய் யாரிடமும் எதையும் பெறுவதற்கு அல்ல. தன்வரலாறு சொல்ல வேண்டிய தருணத்தில், நடந்த வரலாற்றைச் சொல்ல முடியாதவர்கள் நடந்திருக்க வேண்டிய வரலாற்றைச் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இப்படம் கன்னடத்தில் ‘99’ என்றும் தெலுங்கில் ‘ஜானு’ என்றும் மீண்டும் எடுக்கப்பட்டது.

லால் ஜோஸ் இயக்கிய மலையாளப் படமான ‘கிளாஸ்மேட்ஸ்’ (2006) பள்ளியை விட்டுக் கல்லூரிக்குப் போகிறது. சந்திப்புக்கு வந்த இடத்தில் ஒருவன் கழுத்து நெரிக்கப்படுகிறான், அதன் வழியாகப் பழைய மரணம் ஒன்றின் உண்மை வெளியே வருகிறது. தமிழில் அது 2009இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று வந்தது. துப்பறியும் கதைக்குச் சந்திப்பு எவ்வளவு இசைவானது என்பதை இது காட்டுகிறது: சந்தேகத்துக்குரியவர்கள், சாட்சிகள், காரணங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். கொரியாவின் ‘சன்னி’ (2011) மண்டபத்தையே விட்டுவிடுகிறது. நோயில் படுத்திருக்கும் பள்ளித் தோழிக்காக, நடுவயதுக் குடும்பப் பெண் ஒருத்தி பழைய ஏழு பேர் குழுவை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கிறாள். அழைப்பிதழ் போனால் வந்துவிடக்கூடிய நிலையில் எல்லோரும் இல்லை என்பதையும், சிலரைத் தேடிப்போய்த்தான் சந்திக்க வேண்டும் என்பதையும் அந்தப் படம் நன்கு அறிந்திருக்கிறது.

ஆசிரியரை நடுவில் வைத்துக் காட்டும் சந்திப்புகள் ஜப்பானியத் திரைப்படத்தில் சிறப்பாக அமைந்திருக்கின்றன. யசுஜிரோ ஓசுவின் கடைசிப் படமான ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ (1962) அதற்குத் தலைசிறந்த சான்று. வசதியாக வாழும் நடுவயது மாணவர்கள், சுரைக்காய் என்று தாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த பழைய ஆசிரியருக்கு விருந்து கொடுக்கிறார்கள். ஆசிரியர் குடிக்கிறார், அதிகமாகப் பணிகிறார், மாணவர்களின் பதவிகளைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார். வகுப்பறையில் யார் மேலே, யார் கீழே என்றிருந்த ஒழுங்கு முழுவதுமாகக் கவிழ்ந்திருப்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. போதையில் தள்ளாடுகிறவரை வீட்டில் கொண்டுபோய் விடும்போதுதான், அவர் சிறிய நூடுல்ஸ் கடை நடத்திப் பிழைப்பதும், அவரைக் கவனித்துக்கொள்வதிலேயே திருமணமின்றி வயதாகிவிட்ட மகள் ஒருத்தி இருப்பதும் தெரிகிறது. தன் மகளையும் இதே நிலைக்குத் தள்ளிவிடுவோமோ என்று கதாநாயகரான ஹிராயாமா யோசிக்கத் தொடங்குகிறார். மறுசந்திப்பில் ஒருவர் தன் கடந்த காலத்தை மட்டும் பார்ப்பதில்லை, தனக்கு வரக்கூடிய எதிர்காலத்தையும் இன்னொருவரிடத்தில் பார்க்கிறார் என்பதை இப்படம் எந்த ஆரவாரமும் இல்லாமல் நிறுவுகிறது.

இணையம் இந்தக் கதைகளின் அடித்தளத்தை அசைத்துவிட்டது. மேலே சொன்ன 1980, 1990களின் படங்கள் எல்லாம், நடுவில் நடந்தது ஒருவருக்கொருவர் தெரியாது என்பதை நம்பியே நிற்கின்றன. 1995இல் கிளாஸ்மேட்ஸ் இணையதளம் அமெரிக்காவிலும், 2000இல் ஃபிரெண்ட்ஸ் ரீயூனைட்டட் பிரிட்டனிலும் பழைய மாணவர்களை இணைக்கத் தொடங்கின. 2006இல் ஃபேஸ்புக் பொதுமக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டது. போஸ்ட்-இட் தாளை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இன்று யாரும் மண்டபத்தில் சொல்ல முடியாது. மேசையடியில் கைப்பேசியைப் பார்த்து உடனே சரிபார்த்துவிடுவார்கள். ஆனாலும் சந்திப்புகள் ஓயவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், நேரில் பார்ப்பதற்கான காரணம் செய்தியிலிருந்து குரலுக்கும் முகத்துக்கும் மாறியிருக்கிறது. ‘96’ வாட்ஸ்அப் குழுவிலேயே கதையைத் தொடங்கியும் ராமுக்கும் ஜானுவுக்கும் இடையே மறைவைக் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம், குழுவில் எழுதப்படாதவையே அவர்களுடைய கதை என்பதுதான்.

திரைப்படங்கள் இந்தச் சந்திப்பை எங்கே திரித்துக் காட்டுகின்றன என்றால், தீர்ப்பு வழங்குவதில்தான். அங்கே கொடுமைக்காரி அவமானப்படுகிறாள், ஒதுக்கப்பட்டவன் பணக்காரனாகத் திரும்புகிறான், பழைய காதல் கைகூடுகிறது அல்லது கண்ணீரோடு முடிகிறது. நடைமுறையில் பெரும்பாலான சந்திப்புகளில் யாரும் வெல்வதில்லை. பாதிப் பேச்சு பிள்ளைகளின் படிப்பையும் முழங்கால் வலியையும் பற்றியது. முதல் ஒரு மணி நேரம் கடந்தபின் பெரும்பாலானவர்கள் பழைய பெஞ்சு வரிசைப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். உடன் வரும் கணவன் மனைவியரின் நிலையையும் படங்கள் அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. யாருடைய பட்டப்பெயருக்கும் பொருள் தெரியாமல், எல்லாச் சிரிப்புக்கும் ஒரு கணம் பிந்திச் சிரித்துக்கொண்டு, தன்னோடு வாழ்கிறவர் திடீரென்று பதினாறு வயதுக்குரிய குரலில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவர்களைப் பற்றி முழுப் படமே எடுக்கலாம். முகவரி தேடி மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, அன்றைய இரவு சாப்பாடு போதுமா என்ற கவலையிலேயே கழிக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் திரையில் இடமில்லை.

இன்னும் பெரிய விடுபடல், வராதவர்கள். வந்தவர்களின் கதையை மட்டுமே படங்கள் சொல்கின்றன. அழைக்கப்படாதவரும், அழைத்தும் வர மனமில்லாதவரும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட படம் சுவீடனைச் சேர்ந்த கலைஞர் அன்னா ஓடெல் இயக்கிய ‘தி ரீயூனியன்’ (2013). பள்ளியில் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட ஓடெல், 20 ஆண்டுகள் கழித்துத் தன் வகுப்பு கூடியபோது தான் மட்டும் அழைக்கப்படவில்லை என்பதை அறிந்தார். படத்தின் முதற்பகுதியில், தான் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நடிகர்களை வைத்து எடுத்து, அதில் ஓடெல் பாத்திரத்தில் அவரே நடிக்கிறார்: விருந்தின் நடுவே எழுந்து, ஒவ்வொருவரும் தனக்குச் செய்ததைச் சொல்கிறார், மெல்ல மெல்ல மேசையின் மகிழ்ச்சி கெடுகிறது, கடைசியில் அவரைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். இரண்டாம் பகுதியில், அந்தப் படத்தை உண்மையான வகுப்புத் தோழர்களிடம் போட்டுக் காட்டவும் அவர்களோடு பேசவும் அவர் முயன்றதை மறுபடியும் நடிகர்கள் வழியாகவே காட்டுகிறார். சிலர் சந்திக்கவே மறுக்கிறார்கள். சிலர் தங்களுக்கு எதுவும் நினைவில்லை என்கிறார்கள். சுவீடனின் குல்ட்பேகே விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வான இதில் ஹெலிகாப்டரும் இல்லை, கடைசி நடனமும் இல்லை. ஒரு வகுப்பின் இனிய நினைவு என்று சொல்லப்படுவது, யாரை வெளியே நிறுத்திவிட்டு உருவாக்கப்பட்டது என்ற கேள்வியை அவர் மேசை மேல் வைக்கிறார். அதற்கு வகுப்பினர் காட்டும் எரிச்சலையும் அப்படியே வைக்கிறார்.

இவ்வகைப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் ‘ரோமி அண்ட் மிஷெல்’ படத்தோடு தொடங்குவது நல்லது. சந்திப்புக்கே உரிய சடங்குகளான படிவம், பெயர் அட்டை, உடை, நடனம் எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்து ‘96’ பார்த்தால், அதே சடங்குகள் எவ்வளவு சுருங்கிப்போய் இருவருக்கு இடம் விடுகின்றன என்பது புலப்படும். ஓடெலின் படத்தை மூன்றாவதாகப் பார்க்கலாம், ஆனால் தனியாகப் பார்ப்பதைவிட உடன் படித்த ஒருவரோடு சேர்ந்து பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஓசுவின் படம் மெதுவாக நகர்வது. அதற்கென்று அவசரமில்லாத ஒரு மாலையை ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.